ஸ்கேனில் தெரியாத விலா வலி

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41. தைராய்டு குறைவாகச் சுரப்பதால் பல ஆண்டுகளாகத் தைராக்சின் மாத்திரை எடுத்து வருகிறேன். சில மாதங்களாக இடது விலாவுக்குக் கீழே மந்தமான வலி ஒன்று வந்து போகிறது. ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை, தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இரத்த அளவு எல்லாமே சரியாக இருக்கின்றன. மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். கணவரோ தைராய்டு இருந்தால் அப்படித்தான் என்று பேச்சை முடித்துவிடுகிறார். கண் விழித்ததும் அந்த இடத்தை அழுத்திப் பார்ப்பதுதான் என் முதல் வேலையாகிவிட்டது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா? அல்லது இது வெறும் மனப்பிரமையா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

மனப்பிரமை அன்று. கல்லோ கட்டியோ தென்படவில்லை என்பதைத்தான் ஸ்கேன் சொல்கிறது. தசைப்பிடிப்பையும், விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்பின் எரிச்சலையும் அது பெரும்பாலும் காட்டுவதில்லை. தைராய்டு குறைவில் மலச்சிக்கலும் தசைவலியும் வருவதுண்டு என்பதால் உங்கள் கணவர் சொல்வதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் டிஎஸ்எச் சரியாக இருக்கும்போது, வருகிற வலியையெல்லாம் தைராய்டின் கணக்கில் எழுதுவது காரணம் தேடுவதை நிறுத்திவிடும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடலில் அந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், சில நாள்கள் நிறுத்திப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. நீண்ட நாள் நிறுத்தினாலோ சோர்வும் மனத்தளர்ச்சியும் திரும்பி, இருக்கிற வலியைத் தாங்கும் தெம்பும் போய்விடும்.

என்னை யோசிக்க வைத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த அழுத்திப் பார்க்கும் பழக்கம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அங்குள்ள தசை நொந்துபோகும். அந்த நோவையே நோய்க்குச் சான்றாக எடுத்துக்கொண்டு மனம் மறுபடியும் விரலை அங்கே அனுப்பும். விடியும் முன்பே வலியைத் தேடத் தொடங்குகிறவருக்கு அது பெரும்பாலும் கிடைத்தும்விடுகிறது. இதை ஒரே நாளில் விட்டுவிடச் சொல்லமாட்டேன், அது யாராலும் ஆகாது. கை அங்கே போகும்போது பல் துலக்கி முடியட்டும் என்று தள்ளிப்போடுங்கள். பிறகு காலை உணவு முடியட்டும் என்று இன்னும் சற்றுத் தள்ளுங்கள். இரவில் ஒரே ஒரு முறை, வலி வந்த நேரம், அப்போது உட்கார்ந்திருந்த விதம், மலம் கழிந்ததா, முந்தைய இரவுத் தூக்கம் எப்படி என்று நான்கு வரி எழுதினால் போதும். அந்தத் தாளுடன் மருத்துவரிடம் சென்று, இது என்ன என்று மட்டும் கேட்காமல், எது மாறினால் மறுபடி வர வேண்டும் என்றும் கேளுங்கள். கணவரிடமும் விளக்கம் வேண்டாம், சற்று நேரம் காது கொடுத்தால் போதும் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். பலருக்கு இது சொன்னால்தான் தெரிகிறது.

காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுக்குப் பரவும் வலி, விடாத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் தாளில் குறித்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.