வெளிநாட்டுச் செய்தியாளர் என்பவர் யார்? அவர் எழுதுவதற்கு ஏன் அவ்வளவு வலிமை?

வேறொரு நாட்டில் தங்கி, அங்கு நடப்பதைத் தன் நாட்டுப் பத்திரிகைக்கோ செய்தி நிறுவனத்துக்கோ எழுதி அனுப்புபவர்தான் வெளிநாட்டுச் செய்தியாளர்.

உள்ளூர்ப் பத்திரிகையின் வாயை அரசு அடைத்துவிடலாம். இவருடைய வாசகர்களோ எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள். அவர்களை அடக்க முடியாது. பங்காளிச் சண்டையை நேரில் பார்த்த வெளியூர்க்காரர் ஊர் திரும்பிச் சொல்வதைப் போன்றது இது.

1930 மே 21, உப்புச் சத்தியாகிரகம் நடந்த காலம், குஜராத்தின் தராசனா உப்பளம். காந்தி அதற்குள் சிறையில். வரிசை வரிசையாக வந்த தொண்டர்களின் மண்டையில் போலீஸார் இரும்புப் பூண் போட்ட லத்தியால் அடித்தார்கள். தடுக்கக்கூட எவரும் கையைத் தூக்கவில்லை. இதைக் கண்ணால் கண்டு எழுதியவர் யுனைடெட் பிரஸ் நிருபர் வெப் மில்லர் என்ற அமெரிக்கர். அவர் அனுப்பிய தந்தியைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். ஆனாலும் செய்தி உலகெங்கும் அச்சேறியது. அமெரிக்க செனட் அவைக் குறிப்பிலும் இடம்பெற்றது. அடிபட்டவர்களின் பொறுமைக்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்தது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

வெளியாள் என்பதாலேயே ஒருவர் நடுநிலையாளர் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு: 1933-இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த உக்ரைனில் பஞ்சத்தால் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ செய்தியாளர் வால்ட்டர் டுராண்டி பட்டினிச் சாவே இல்லை என்று எழுதினார்.