தூள் முடிகிற நாளில் போய்ச் சேர வேண்டிய கடிதம்

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டிலேயே கறித்தூள் வறுத்து இடித்து, பனங்கட்டி, மோர் மிளகாய், ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), நெல்லிரசம் ஆகியவற்றுடன் கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்பி வருகிறேன். என்னிடம் 640 பேரின் மின்னஞ்சல் முகவரிகள் உள்ளன. கிழமைதோறும் ஜிமெயிலிலிருந்து விலைக்கழிவு அறிவித்து எழுதுகிறேன். தொடக்கத்தில் நல்ல ஓடர்கள் வந்தன. இப்போது பதிலே இல்லை. சேலையும் குத்துவிளக்கும் சேர்த்தால் வியாபாரம் பெருகும் என்று சொல்லும் ஒருவர், புலம்பெயர் தமிழர்களின் 20,000 முகவரிகளை 35,000 ரூபாவுக்குத் தருவதாகவும் சொல்கிறார். எந்தப் பொருளைத் தெரிவு செய்வது? ஆட்களுக்கு அலுப்புத் தட்டாமல் எப்படித் தொடர்ந்து எழுதுவது? பட்டியலை வாங்கலாமா?

பதில்: நீங்கள் கேட்ட ஒழுங்கை மாற்றி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலை வாங்க வேண்டாம். அவர் விலையைக் குறைத்தாலும் வேண்டாம், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். மாதிரிக்கென்று அவர் தந்த 200 முகவரிகளை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். வரி வரியாகப் பார்த்தேன். ஒரே முகவரி மூன்று இடங்களில் மூன்று பெயர்களுடன் இருக்கிறது. ஏறத்தாழ நாற்பது முகவரிகள் கோயில் பரிபாலன சபைகளுக்கும் பழைய மாணவர் சங்கக் கிளைகளுக்கும் உரியவை; ஆண்டு மலர்களின் கடைசிப் பக்கங்களிலிருந்து பார்த்துத் தட்டச்சுச் செய்திருக்கிறார்கள் என்பது, மலரில் இருந்த அச்சுப்பிழையும் அப்படியே வந்திருப்பதால் தெரிகிறது. எனக்குப் படிப்பித்த அதிபர் ஒருவரின் முகவரியும் அதில் உண்டு. அவர் காலமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

இறந்தவரின் முகவரிக்கு ஒரு கடிதம் போனால் என்ன குறை, முத்திரைச் செலவுகூட இல்லையே என்று நீங்கள் நினைக்கக்கூடும். குறை இருக்கிறது. நெடுங்காலம் எவரும் திறவாத முகவரிகளை மின்னஞ்சல் நிறுவனங்கள் மூடிவிடுகின்றன. மூடியவற்றுள் சிலவற்றைப் பின்னர் பொறியாகத் திறந்து வைக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பொறிக்குள் வந்து விழும் கடிதத்தை எவரும் கேட்டிருக்க முடியாது என்பதால், அதை அனுப்பியவர் முகவரிகளை விலைக்கு வாங்கியவர், அல்லது தன் பட்டியலைப் பல காலமாகத் துப்புரவு செய்யாதவர் என்பது அவர்களுக்கு உறுதியாகிவிடுகிறது. அதன் பிறகு, உங்களிடம் பத்துத் தடவை தூள் வாங்கிய அக்காவுக்கு நீங்கள் அனுப்பும் பற்றுச்சீட்டும் ஸ்பாம் பெட்டிக்குள், அதாவது வேண்டாத கடிதங்களை ஒதுக்கும் பெட்டிக்குள், போகக்கூடும்.

நானும் ஒருமுறை இதில் விழுந்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மணவறை அலங்காரம் செய்யும் ஒரு வாடிக்கையாளருக்காக, தரகர் ஒருவரின் பேச்சை நம்பி, வெளிநாட்டு முகவரிகள் கொண்ட பட்டியலொன்றை வாங்கிக் கொடுத்தேன். அனுப்பிய மூன்றாம் நாளிலிருந்து, அவர் தனித்தனியாக எழுதிய விலைக்குறிப்புகள்கூட உரியவர்களின் கண்ணில் படவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்காகக் காத்திருந்த மனிதர் அந்தப் பருவத்தையே இழந்தார். தரகரோ அதே பட்டியலை அடுத்த கடைக்காரருக்கு விற்றுக்கொண்டிருந்தார்.

உங்கள் கடிதங்களுக்கு இப்போது பதில் வராமைக்குக் காரணமும் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. நீங்கள் 640 பேரை இரண்டு நாட்களாகப் பிரித்து, மறைநகலில் (BCC) போட்டு, கிழமைதோறும் அனுப்பி வந்திருக்கிறீர்கள். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கியிருக்கின்றன. பெறுபவர்களில் ஆயிரத்துக்கு மூவர் ‘ஸ்பாம்’ என்று அழுத்தும் நிலைக்கு ஒருபோதும் வரக்கூடாது, ஆயிரத்துக்கு ஒருவர் என்பதற்குக் கீழேயே வைத்திருப்பது நல்லது என்கிறது கூகுள். உங்கள் 640 பேரில் இருவர் சினந்து அழுத்தினால் அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். விலகிக்கொள்ள ஒரு பொத்தானை நீங்கள் கொடுக்கவில்லை. ஆகவே அலுத்துப்போனவருக்கு ஸ்பாம் பொத்தானைத் தவிர வேறு வழியில்லை.

சொந்த டொமைன் பெயர் (இணையத்தில் உங்களுக்கென்று ஒரு முகவரிப் பெயர்) ஒன்றைப் பதிவு செய்து, மொத்தக் கடிதம் அனுப்பும் சேவை ஒன்றின் வழியாக எழுதுங்கள். எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று பதிவுகளை அந்தச் சேவை தரும். அவற்றை டொமைன் அமைப்பில் அப்படியே ஒட்டினால் போதும். கடிதம் உங்களிடமிருந்துதான் வருகிறது என்பதற்கான முத்திரைகள் அவை. அதற்கு மேல் அவற்றை விளங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆனால் அந்த டொமைன் யாருடைய பெயரில் பதிவாகிறது என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் இணையத்தளம் செய்து தருகிறோம் என்று வருபவர்களில் சிலர், காசை உங்களிடம் வாங்கிக்கொண்டு பெயரைத் தங்கள் கணக்கில் பதிவு செய்கிறார்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் நேரத்தில் விலை மூன்று மடங்காகிறது. காணியை வாங்கி உறுதியைத் தரகரின் பெயரில் எழுத எவராவது சம்மதிப்பாரா? சிறுதொழில் முனைவோருக்கென்று நடக்கும் பயிற்சிப் பட்டறைகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். தேநீர் உண்டு, பற்றிஸ் உண்டு, பிற்பகலில் சான்றிதழும் உண்டு. இந்த ஒரு விடயத்தைச் சொல்லிக் கொடுத்த பட்டறையை நான் இன்னும் காணவில்லை. மின்னஞ்சல் நிறுவனங்களின் போக்கும் அப்படித்தான்: ஒரு குசினியிலிருந்து எழுதுபவரின் கடிதம் தவறாக அடைபட்டால், போய்க் கேட்பதற்கு ஒரு கருமபீடம்கூட இல்லை; படிவத்தை நிரப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இனி, எந்தப் பொருள் என்ற கேள்வி. சேலை வேண்டாம், விளக்கும் வேண்டாம். அவற்றில் இலாபம் இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தூள் முடிந்துபோகும்; குத்துவிளக்கு முடிந்துபோகாது. மின்னஞ்சல் வியாபாரம் என்பது, முடிந்துபோகிற பொருளை அது முடிகிற நேரத்தில் நினைவூட்டுகிற வேலை. விளக்கு வாங்கியவருக்கு அடுத்த மாதம் நீங்கள் எழுத என்ன இருக்கிறது? ‘யாழ்ப்பாணத்துப் பொருட்கள் யாவும் கிடைக்கும்’ என்ற பெயர்ப்பலகை கடைத்தெருவுக்குச் சரி, ஏனெனில் கடைக்கு வருபவர் எதையோ வாங்கத் தீர்மானித்துத்தான் படியேறுகிறார். கடிதமோ அழையாமல் வீட்டுக்குள் போவது. என்ன காரியமாக வந்தேன் என்பதை அது உடனே சொல்ல வேண்டும். கறித்தூளை முதற்பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். மோர் மிளகாய், ஒடியல் மா, பனங்கட்டி ஆகியவை அதன் பின்னே வரட்டும், ஏனெனில் அதே சமையலறையில் அதே கைதான் அவற்றையும் எடுக்கிறது. நெல்லிரசம் போத்தலில் போவது. பாரமும் உடைவும் சேர்ந்து உங்கள் இலாபத்தைத் தின்கின்றன. அதை நேரில் வருபவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஓடர் கொப்பியின் படங்களைப் பார்த்தபோது, நீங்கள் 35,000 ரூபா கொடுத்து வாங்க நினைக்கும் சரக்கு அதற்குள்ளேயே இருப்பதைக் கண்டேன். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் மாசி, வைகாசி, ஆவணி, கார்த்திகை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கிலோ வாங்கியிருக்கிறார். நான்கு இடங்களிலும் ஓரத்தில் ‘உறைப்புக் குறைவு’ என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அவருக்கு நீங்கள் அந்த ஆண்டில் ஐம்பது கடிதங்கள் அனுப்பியிருப்பீர்கள். வேண்டியிருந்தவை நான்கு. தூள் முடிவதற்கு மூன்று கிழமைக்கு முன், ‘உங்களுக்கு உறைப்புக் குறைத்து இந்தக் கிழமை வறுக்கிறோம், இரண்டு கிலோ எடுத்து வைக்கலாமா’ என்று எழுதினால், அதை விளம்பரம் என்று எவரும் தள்ளிவிட மாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் எழுதுவதை நிறுத்தி, கொப்பியைப் பார்த்து ஒரு கிலோக்காரர், இரண்டு கிலோக்காரர், ஒருமுறை வாங்கி நின்றுபோனவர் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஓர் ஆண்டாக எதுவும் வாங்காமல், எதற்கும் பதில் எழுதாமல் இருப்பவர்களுக்குக் கடைசியாக ஒருமுறை எழுதிவிட்டு நீக்குங்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். 2021 முதல் ஆப்பிள் கருவிகளில், ஆள் பார்க்காத கடிதமும் பார்த்ததாகக் கணக்கில் ஏறக்கூடும். பதிலும் ஓடருமே கணக்கு.

இந்த நினைவூட்டல்களுக்கு வெளியே, எல்லாருக்கும் மாதம் ஒரு கடிதம் போதும். அதற்கான காரணத்தை நாட்காட்டி தரும். ஆடிப்பிறப்பு ஜூலை நடுப்பகுதியில் வருகிறது. கூழுக்குப் பனங்கட்டி வேண்டும் என்று ஜூலையில் எழுதினால் பொதி போய்ச் சேரும்போது கூழ் குடித்து முடிந்திருக்கும். ஆகவே மே கடைசியிலேயே எழுதிவிடுங்கள். பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டானைப் பிரித்த படம் ஒன்று, பனங்கட்டி கசியாமல் எப்படிச் சுற்றுகிறீர்கள் என்று இரண்டு வரி, விலை, அவ்வளவுதான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் பொதி விற்க முயல வேண்டாம். அப்போது உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் ஊரிலேயே நிற்பார்கள். திரும்பிப் போகும் நாளைச் சொன்னால் அதற்கு முதல் நாள் புதிதாக இடித்துத் தருகிறோம் என்று எழுதுங்கள். தபாற்செலவும் மிச்சம்.

விலைக்கழிவைக் கிழமைதோறும் கொடுத்ததால், முழு விலையைக் கொடுப்பவர் ஏமாளி என்று நீங்களே அவர்களுக்குப் படிப்பித்துவிட்டீர்கள். இனி ஆண்டில் இரண்டு தடவை மட்டும், காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். செத்தல் மிளகாய் மலிந்த காலத்தில் குறைக்கலாம்; ஏறிய காலத்தில் ஏன் ஏறியது என்றும் எழுதலாம்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கனடாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பான்மையோர் அங்கேயே இருக்கிறார்கள். 2014 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அந்நாட்டுச் சட்டத்தின்படி, ஒப்புதல் இல்லாமல் வணிகக் கடிதம் அனுப்பக்கூடாது. கடிதம் கனடாவில் திறக்கப்பட்டாலே சட்டம் பொருந்தும், கோண்டாவிலிலிருந்து அனுப்பினேன் என்பது சாட்டு ஆகாது. உங்களிடம் பொருள் வாங்கியவர் ஒப்புதல் தந்தவராகவே கருதப்படுவார், ஆனால் வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். 2024 மார்ச் 10இல் வாங்கியவருக்கு 2026 மார்ச் 10 வரை எழுதலாம். இடையில் 2025 ஓகஸ்டில் மீண்டும் வாங்கினால் கணக்கு அந்த ஓகஸ்டிலிருந்து புதிதாகத் தொடங்கும். விலை கேட்டு எழுதி, வாங்காமல் போனவருக்கு அந்தக் காலம் ஆறு மாதம் மட்டுமே. இரண்டு ஆண்டு முடிந்த பிறகு ‘தொடர்ந்து எழுதலாமா’ என்று கேட்டு அனுப்பும் கடிதமும் வணிகக் கடிதமாகவே கொள்ளப்படும் என்பதால், அந்தக் கேள்வியைக் காலம் முடிய முன்னரே கேட்டுவிட வேண்டும். ‘ஆம், எழுதுங்கள்’ என்று ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டாரானால், அவராக மறுக்கும் வரை காலக்கெடு இல்லை. ஆகவே கொப்பியில் வாங்கிய திகதிக்குப் பக்கத்தில், ‘ஆம்’ சொன்ன திகதிக்கும் ஒரு நிரல் கீறுங்கள். எல்லாரும் எங்கள் சொந்தக்காரர்தானே என்று சொல்லிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்து உறவுமுறை முழுவதும் அந்தச் சட்டம் விலக்களிக்கும் ‘குடும்பம்’ என்பதற்குள் அடங்காது. பிரித்தானியாவில், முன்னர் வாங்கியவருக்கு, விலகிக்கொள்ள வழி வைத்து, அதே வகைப் பொருளைப் பற்றி எழுதலாம். தூள் வாங்கியவருக்குச் சேலை விளம்பரம் அனுப்பிவிட்டு அதுவும் அதே வகைதான் என்று வாதாடுவது சிரமம்.

அந்த 200 மாதிரி முகவரிகளையும் உங்கள் 640 உடன் ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தை அனுப்ப முன்னர், கொப்பியில் பெயர் இல்லாத ஒவ்வொருவரையும் கோப்பிலிருந்து நீக்குங்கள். இரவு இரண்டு மணித்தியால வேலை. பக்கத்தில் ஒருவர் இருந்து பெயர்களை வாசித்தால் அதிலும் விரைவாக முடியும்.