எண்ணெய் போட்டு உருவக் காப்பை அடகு வைக்கலாமா?

திருகோணமலை மாவட்டத்துச் சாம்பல்தீவிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “என் கணவர் கரைவலை இழுப்பவர். வயது 46. நாரியும் வலது தோளும் நோகின்றன. ஊருக்குள் வந்துபோகும் ஒருவர், நரம்பு பிசகிக் கிடக்கிறது, பத்துத் தடவை எண்ணெய் போட்டு உருவ வேண்டும், முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்கிறார். காப்பை அடகு வைக்கலாமா?”

வைக்காதீர்கள். உருவுவதால் பலன் உண்டு. கயிறு இழுத்து இறுகிய தசை இளகும், அன்றிரவு நித்திரையும் வரும். ஆனால் அந்தச் சுகம் சில நாட்களுக்குத்தான். பத்துத் தடவையும் முடிந்தபின் அவர் அதே வலையைத்தான் இழுக்கப் போகிறார். பிசகிய நரம்பைக் கையால் தள்ளி இடத்தில் வைப்பேன் என்பது வெறும் வியாபாரப் பேச்சு.

அந்த உருவலை நீங்களே வீட்டில் செய்யலாம். இளஞ்சூடான நல்லெண்ணெய் போதும். குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பின் மேல் அழுத்தாமல், அதன் இருபுறத் தசைகளையும் உள்ளங்கையால் 10 அல்லது 15 நிமிடம் உருவிவிடுங்கள். அவர் பல்லைக் கடிக்கும் அளவுக்கு அழுத்தத் தேவையில்லை. பிறகு படுத்தே கிடக்க விடாமல் நடக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பை உயர்த்தி 5 வினாடி நிறுத்தி இறக்கட்டும். காலையும் மாலையும் 10 முறை. தோளுக்கு, சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றி இறக்கினால் போதும். சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் மாற்றம் தெரியும்.

உங்களிடம் வந்தவரை யார் கூட்டிவந்தார் என்று விசாரியுங்கள். பல இடங்களில் ஊர்க்காரர் ஒருவருக்கே ஆளுக்கு இவ்வளவு என்று தரகு போகிறது. நுண்கடன் எடுத்துக் கட்டியவர்களும் உண்டு. நோவு மாறாவிட்டாலும் தவணை நிற்காது. எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் பரம்பரையாக வைத்தியம் செய்யும் நமது முறிவு நெரிவு வைத்தியர்களை நான் சொல்லவில்லை. இலங்கையின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்படி வைத்தியர்களுக்குப் பதிவு இருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கோபப்படுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அரச வைத்தியசாலையில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) இலவசம். ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, வரிசையில் நின்றவர் இரண்டு நிமிடத்தில் பனடோலுடன் திரும்பி வருகிறார். “இயன்மருத்துவப் பிரிவுக்குத் துண்டு தாருங்கள்” என்று நோயாளியே வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. கரையோரக் கிராமங்களுக்கு மாதம் ஒரு தடவையாவது ஓர் இயன்மருத்துவரை அனுப்ப ஏன் முடியவில்லை? அனுப்பாத இடத்தில்தான் தரகர் வந்து நிற்கிறார்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, நோகிறதென்றால் அதை உருவவே கூடாது. எண்ணெயும் வேண்டாம், மெதுவாகத் தடவவும் வேண்டாம். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி நழுவி நுரையீரலை அடைக்கலாம். பிரசவித்த பெண்களுக்கும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்திருந்தவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளை பெற்றவள் கால் நோகிறது என்றாலே எண்ணெயை எடுக்கும் பாட்டிமார் முதலில் இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று பருத்திருந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாரிநோவோடு சிறுநீர் அடைபட்டாலும், தொடையிடுக்கு மரத்தாலும் அப்படியே.

அந்த மனிதர் எண்ணெயோடு பெயரில்லாத பொடியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் எனக்கு அதுதான் பெரிய பயம். ஒரே நாளில் நோவைப் பறக்கடிக்கும் இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பது உண்டு. முகம் ஊதும், சீனி ஏறும், எலும்பு தேயும். உங்கள் கணவர் அதைப் பல வாரங்களாகக் குடித்துவந்திருந்தால் திடீரென நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். பொதியோடு அவரை அழைத்துக்கொண்டு நாளைக்கே வைத்தியரிடம் போங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லுவார்.