லீ சாங்-டோங் யார்? எழுத்தாளர் எப்படி இயக்குநர் ஆனார்?

'பர்னிங்' படத்தைப் பார்த்துவிட்டு, இதை எடுத்தவரின் பின்னணி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். லீ சாங்-டோங் 1954இல் தென்கொரியாவின் டேகு நகரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் கொரிய மொழி ஆசிரியராக இருந்தார், அப்புறம் நாவலாசிரியர். சினிமாவுக்குள் வரும்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. பார்க் குவாங்-சு இயக்கி 1993இல் வந்த படத்துக்குத் திரைக்கதை எழுதி, அதிலேயே உதவி இயக்குநராகவும் வேலை பார்த்தார். 1997இல் 'கிரீன் ஃபிஷ்' மூலம் இயக்குநர் ஆனார்.

என்னை உலுக்கியது அடுத்த படமான 'பெப்பர்மின்ட் கேண்டி'. ரயில் பாதையில் நின்று சாகப்போகும் ஒருவனிடம் தொடங்கி, கதை 1999இலிருந்து 1979க்குப் பின்னோக்கிப் போகிறது. நடுவில் 1980 குவாங்ஜு படுகொலை; ஜனநாயகம் கேட்டுப் போராடிய மக்களை ராணுவம் கொன்று குவித்த நிகழ்வு. அங்கே அவன் ஒரு சாதாரண ராணுவச் சிப்பாய். இவன் ஏன் இப்படி ஆனான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும்போது மனசு கனத்துவிடும். ஒரு நாட்டின் காயத்தை ஒரே மனிதனின் வாழ்க்கையில் காட்ட நாவலாசிரியனின் கை வேண்டும்.

'ஒயாசிஸ்' படத்துக்கு 2002இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது. 2003இல் தென்கொரியாவின் பண்பாட்டு அமைச்சராகவே ஆனார். அடுத்த ஆண்டே விலகினார். 2007இல் 'சீக்ரெட் சன்ஷைன்' நாயகி ஜியோன் டோ-யோன் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை ஆனார். 2010இல் 'பொயட்ரி' அதே விழாவில் சிறந்த திரைக்கதை விருது பெற்றது. மறதிநோய் தொடங்கும் வயதில் கவிதை எழுதக் கற்கும் பாட்டியின் கதை அது. 'பர்னிங்' அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 2018இல்தான் வந்தது.

சரி, அடுத்து எதைப் பார்ப்பது? 'பொயட்ரி'யைப் பாருங்கள். அவசரமில்லாத ஓர் இரவில், தனியாக.