அழகுசாதனம் வாங்கும் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய சிவப்பழகு கிரீமில் பத்தே நாளில் முகம் வெளுத்துவிட்டது. டப்பாவில் தயாரித்தவர் முகவரி இல்லை. தொடரலாமா?

இன்றே நிறுத்துங்கள். இவ்வளவு வேகமாக நிறம் மாறினால் பாதரசத்தையோ ஸ்டீராய்டையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பாதரசம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கும். ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் பகுதியில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கசிந்த செய்தி 2023-ல் வெளிவந்தது. சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள்.

பாதரசத்தைக் குறிக்கும் 'கலோமல்', 'மெர்குரிக்' என்ற பெயர்கள் டப்பாவின் மூலப்பொருள் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். 'தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது' என்று எழுதியிருந்தாலும் உஷாராகுங்கள். பாதரசம் நகையில் ஒட்டிக் கலந்துவிடும் என்பதால் போடும் வரி அது. வெறும் டப்பாவில் எதுவும் எழுதாமல் விற்பதும் உண்டு.

ஸ்டீராய்டு என்றால் நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், பரு கிளம்பும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தோல் மருத்துவர் படிப்படியாக விடுவிப்பார்.

வெளிநாட்டு லிப்ஸ்டிக் ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறது. ஒரிஜினலா?

விலையை விடுங்கள், 'விற்பவர்' பெயரைப் பாருங்கள். இந்தியாவில் முறையாக இறக்குமதியான பொருளில் இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்கும். பெரும்பாலும் தனி ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். அட்டைப்பெட்டியிலும் குழலிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். பெட்டி பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்தால் பணம் திரும்பக் கேட்க உதவும்.

அழகுசாதன டப்பாவில் முயல் படம் இருந்தால் சைவம்தானே?

இல்லை. முயல் சொல்வது விலங்குச் சோதனை செய்யவில்லை என்பதை மட்டும். இந்தியாவில் அந்தச் சோதனைக்கும், அப்படிச் சோதித்த பொருளின் இறக்குமதிக்கும் 2014 முதல் தடை. ஆகவே உள்ளூர்த் தயாரிப்பு அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்வது, கலப்படமில்லாத பால் என்று பால்காரர் பெருமை பேசுவது மாதிரிதான். 'லீப்பிங் பன்னி' என்ற தாவும் முயல் முத்திரைக்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம். மூலப்பொருள் தருபவர்களையும் விசாரிக்கிறார்கள். சைவமா என்று அறிய பட்டியலில் சிஐ 75470 என்ற நிறமி எண்ணைத் தேடுங்கள். அது கார்மைன், கொச்சினீல் பூச்சியை அரைத்து எடுக்கும் சிவப்பு. லானோலின் என்றால் ஆட்டு ரோமக் கொழுப்பு.

ஐ ஷேடோவில் மின்னும் மைக்கா என்ற கனிமத்தில் குழந்தை உழைப்பு இருக்கிறதாமே?

ஜார்க்கண்ட், பீகார் சுரங்கங்களில் அந்தப் பிரச்சினை உண்மை. சிஐ 77019 என்றால் மைக்கா. கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. மைக்கா எந்தச் சுரங்கத்திலிருந்து வருகிறது, யார் தணிக்கை செய்கிறார்கள் என்று நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். 'எல்லாச் சட்டங்களையும் பின்பற்றுகிறோம்' என்று மட்டும் வந்தால் அது பதிலே இல்லை. செயற்கை மைக்கா, அதாவது சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்ளோகோபைட், சுரங்கத்தில் வெட்டுவதல்ல.

கண்காட்சியில் வீட்டுத் தயாரிப்புக் கண் மை வாங்கலாமா?

விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். டப்பாவில் உரிம எண் இல்லாவிட்டால் வேண்டாம். கண்ணில் இடும் பொடியான சுர்மா என்றால் இன்னும் கவனம்: அதில் பல ஈய சல்ஃபைடுப் பொடிதான். குழந்தைக்கு இடவே கூடாது.