பால்வெட்டுகிறவருக்கு பிரஷர் வராதா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 48 வயது. ரப்பர் பால்வெட்டு வேலை. வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் பார்த்தபோது பிரஷர் 152/96 இருந்தது. "இதெல்லாம் நாகர்கோவிலில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருக்கிற என் தம்பிக்குத்தான் வரும், எனக்கு ஒரு தலைவலிகூட இல்லை" என்கிறார். தம்பிக்கு சுகர் உண்டு. இவருக்கோ மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) கருவாடும் புகையிலை வைத்த வெற்றிலையும் இல்லாமல் நாள் ஓடாது. நான் என்ன செய்ய?
– வாசகி, குலசேகரம்

பதில்: சகோதரி, தலைவலி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிரஷர் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் காட்டாமல் வருடக்கணக்கில் இருந்து இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிலருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியவே வருகிறது. அதற்காக ஒரே தடவை பார்த்ததை வைத்து நோய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். வேறொரு நாளும் மேல் எண் 140ஐயோ கீழ் எண் 90ஐயோ தொட்டால் வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும்.

கிராமம், டவுன் என்று அவர் பிரிப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பொருந்தாது. 2011 கணக்கெடுப்பிலேயே இங்கே நூற்றுக்கு 80 பேருக்கு மேல் நகர்ப்புறத்தார். குலசேகரமே பேரூராட்சிதான். நாகர்கோவிலில் விற்கும் பரோட்டாவும் சிப்ஸும் உங்கள் ஜங்ஷனிலும் கிடைக்கிறது. அந்த ஜங்ஷனுக்கும் பைக்கில்தானே போகிறோம்?

விடியுமுன் எழுந்து மரம் மரமாக நடப்பது நல்ல உழைப்பு, அது அவர் உடம்புக்குப் பெரிய பலம். ஆனால் உப்பும் புகையிலையும் செய்கிற கெடுதலை அந்த நடை சரிக்கட்டிவிடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், பப்படம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கருவாட்டை எப்போதாவது வைத்துக்கொண்டு, மற்ற நாளில் பச்சை மீன் வாங்குங்கள். குழம்பில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். மரச்சீனியை விட வேண்டாம்; அது முழுக்க மாவுச்சத்து என்பதால் கிழங்கைக் குறைத்து மீனையும் காய்கறியையும் கூட்டுங்கள். கிழங்கு தின்ற வேளையில் மேலே சோறு வேண்டாம்.

புகையிலை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது வாய்ப்புற்றுநோயைத் தரும், பிரஷரையும் ஏற்றும். சாயங்காலம் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதுவும் ஏற்றும்.

கூடப்பிறந்த தம்பிக்கே சுகர் இருப்பதால் இவரும் சோதித்துப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டால் சுகர்தான். 100க்கு மேல் என்றாலே எச்சரிக்கை. மழையால் வெட்டு இல்லாத ஒரு காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். தம்பியையும் கூப்பிடுங்கள், அவர் சொன்னால் அண்ணன் கேட்கக்கூடும். சோதனை முடியும் வரை வெற்றிலை, டீ எதுவும் வேண்டாம். 5 நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை எழுதினால் அங்கேயே இலவசம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கும் கொண்டுவந்து தருகிறார்கள். அளவு இறங்கிவிட்டது என்று அவராக நிறுத்தாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.