மீன்தொட்டிச் செடியின் குருத்தைப் பாருங்கள்: பெயரும் நடும் முறையும் அங்கே தெரியும்

கேள்வி: சென்னையில் வசிக்கிறேன். 60 லிட்டர் கொள்ளும் இரண்டடி நன்னீர்த் தொட்டியில் ஒரு மாதத்திற்கு முன்பு ஐந்து வகை உயிர்ச்செடிகளை வாங்கி, எல்லாவற்றையும் மணலில் நன்கு அழுத்தி நட்டேன். கடையில் பெயர் எதுவும் சொல்லவில்லை. நீண்ட புல் போன்ற செடி மட்டும் நன்றாக இருக்கிறது. பழுப்பு இலைச் செடி பத்தே நாளில் கூழாகிவிட்டது. தடித்த கரும்பச்சை இலைச் செடி அடியில் அழுகுகிறது. இறகு போன்றது ஊசி ஊசியாக உதிர்கிறது. ஊதா இலைச் செடி இப்போது தண்டோடு கறுக்கிறது. ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இவை என்ன செடிகள், எவற்றைக் காப்பாற்றலாம்? படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் ஐந்து செடிகளில் நான்கு தொட்டியிலேயே பிழைக்கும். நீங்கள் இழந்துவிட்டதாக நினைக்கும் பழுப்பு இலைச் செடியும் அந்த நான்கில் ஒன்று. நீங்கள் நன்றாகவே கவனித்திருக்கிறீர்கள். ஆனால் ஐந்தையும் ஒரே முறையில் நட்டதுதான் பெரும்பாலான சேதத்திற்குக் காரணம். நீர்ச்செடியைக் கையில் எடுத்ததும் இலையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பு, புது இலை எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். நிறம் ஒளிக்கும் உரத்திற்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்; குருத்து வரும் இடமோ மாறாது. நிமிர்ந்த தண்டின் உச்சியிலா, வேருக்கு நேர் மேலே உள்ள அடிக்கொத்திலா, படுத்துக் கிடக்கும் தடித்த மட்டத்தண்டிலா என்ற இந்த ஒரு கேள்வியின் விடை, செடியின் வகையையும் அதை எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும்.

பழுப்பு இலைச் செடியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவசரப்பட்டுப் பிடுங்கி எறியப்படுவது பெரும்பாலும் இதுதான். விளிம்பு அலையலையாக நெளிந்த, ஈட்டி வடிவ இலைகள் ஒரே அடிக்கொத்திலிருந்து கிளம்பும் இது கிரிப்டோகோரைன் வெண்டியை. இலங்கையின் ஓடைக்கரைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத செடி. மழைக்காலத்தில் நீருக்குள் மூழ்கியும், நீர் வற்றும்போது காற்றில் தலைநீட்டியும் வாழப் பழகிய இனம் இது. விற்பனைக்கு வளர்ப்பவர்கள் பலர் இத்தகைய செடிகளை ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். காரணம், கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது, ஆகவே காற்றில் வளர்ச்சி விரைவாக இருக்கும். அப்படிக் காற்றில் வளர்ந்த இலை மெழுகுப் பூச்சும் இலைத்துளைகளும் கொண்டது. நீருக்குள் அது பயன்படாது. எனவே செடி பழைய இலைகளைக் கைவிட்டு, மெல்லிய நீரிலைகளைப் புதிதாக உண்டாக்குகிறது. நீருக்குள்ளேயே வளர்ந்த கிரிப்டோகோரைன்கூட, ஒளியோ நீரின் தன்மையோ திடீரென மாறினால் சில நாட்களில் இலைகளைக் கண்ணாடிபோல் ஆக்கிக் கரைத்துவிடும். கூழான இலைகளை மட்டும் உறிஞ்சி அகற்றுங்கள், இல்லாவிட்டால் அவை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். வேரைத் தொடாதீர்கள், இடத்தையும் மாற்றாதீர்கள். மணலுக்குள் விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கும்போது அடிப்பகுதி கெட்டியாக இருந்தால், மூன்று நான்கு வாரங்களில் விரல்நுனி அளவு குருத்து எழும். எனக்கு மிகப் பிடித்த நீர்ச்செடியும் இதுவே; ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பல ஆண்டுகள் அதே இடத்தில் நிற்கும்.

தடித்த கரும்பச்சை இலைச் செடி அனுபியாஸ். ஆப்பிரிக்காவின் மேற்கு, மத்தியப் பகுதிகளில் ஓடைப் பாறைகளையும் விழுந்த மரங்களையும் பற்றி வளரும் இதன் இலைகள், இஞ்சியைப்போல் படுத்திருக்கும் மட்டத்தண்டிலிருந்து வரிசையாக எழுகின்றன. அந்தத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். உங்கள் தொட்டியில் நடந்தது அதுதான். இன்றே வெளியே எடுத்து, மென்மையாகிக் கெட்ட வாடை வீசும் பகுதியைக் கூர்மையான பிளேடால், உள்ளே பச்சையும் கெட்டியுமான சதை தெரியும் வரை வெட்டி நீக்குங்கள். மூன்று இலைகளாவது உள்ள துண்டு மிஞ்சினால் போதும். அதைப் பருத்தி நூலால் ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டிவிட்டால், நூல் மக்குவதற்குள் வேர்கள் பற்றிக்கொள்ளும். மிக மெதுவாக வளர்வதால் இதன் இலைமேல் பாசி எளிதில் படியும்; விளக்கிற்கு நேர் கீழே வைக்காமல் நிழலில் வையுங்கள். ஜாவா ஃபெர்ன் வாங்கினாலும் இதே விதிதான். அதன் இலையின் அடியில் தோன்றும் பழுப்புப் புள்ளிகளை நோய் என்று எண்ணிப் பலர் வெட்டிவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் வித்துப்பைகள்.

இறகுச் செடிகளில்தான் பெயர்க் குழப்பம் அதிகம், ஆகவே ஒரு கணுவைக் கிள்ளி வெள்ளைத் தட்டில் நீரில் பரப்பிப் பார்க்க வேண்டும். சிறு காம்பின் முனையில் விசிறிபோல் விரியும் இலைகள் எதிரெதிராக அமைந்திருந்தால் அது கபோம்பா. காம்பே இல்லாமல், நுணுக்கமாகப் பிளவுபட்ட இலைகள் தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்திருந்தால் லிம்னோஃபிலா. இலை கவைபோல் இரண்டிரண்டாகப் பிரிந்து, விரலால் வருடும்போது சொரசொரப்பாகவும் இருந்து, எங்கு தேடினாலும் வேரே இல்லையென்றால் அது ஹார்ன்வொர்ட். உங்கள் படத்தில் கவை தெளிவாகத் தெரிகிறது. வேரற்ற செடியை மணலில் செருகினால் புதைந்த முனை அழுகி, மேலே உள்ள ஊசிகளும் உதிரும். அடியை வெட்டிவிட்டு நீர்ப்பரப்பில் மிதக்க விடுங்கள். உதிர்வது நின்றதும் வேகமாக வளர்ந்து, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும்; கப்பி மீன் குஞ்சுகளுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருக்கும்.

புல் போன்றது வாலிஸ்னேரியா. இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய சஜிட்டேரியாவிலிருந்து பிரித்தறிய, இலை நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்: வாலிஸ்னேரியாவின் நுனி விளிம்பில் நுண்ணிய பற்கள் இருக்கும், சஜிட்டேரியாவில் இருக்காது. இது உங்கள் தொட்டியில் செழிப்பதற்கும் காரணம் உண்டு. கரியமில வாயு குறைவான கடின நீரில், அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு. எனவே பலரும் குறைசொல்லும் ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு வசதியாகிவிடுகிறது. ஓடுதண்டு விட்டுப் பரவும் கன்றுகளை நடும்போது வேர் மட்டும் மணலுக்குள் போகட்டும், குருத்து மேலே தெரியட்டும். திரவ கார்பன் என்ற பெயரில் விற்கப்படும் குளுட்டரால்டிஹைடு மருந்தை ஊற்றாதீர்கள்; வாலிஸ்னேரியாவும் ஹார்ன்வொர்ட்டும் அதில் கருகிப்போகலாம்.

இனி ஊதா இலைச் செடி. மேலே வெள்ளிப் பளபளப்பும் அடியில் ஆழ்ந்த ஊதாவும் கொண்ட இது ஹெமிகிராஃபிஸ், அதாவது கேரளத்து வீடுகளில் காயத்திற்குச் சாறு பிழியும் முறிகூட்டி. இது தரைச்செடி, நீருக்குள் சேமிப்பைத் தின்றுகொண்டு சில வாரங்கள் நின்று, பிறகு அழுகும். செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் துவண்டால் நீர்ச்செடி, நிமிர்ந்தால் தரைச்செடி என்று சொல்லப்படும் சோதனையை நான் நம்புவதில்லை, ஏனெனில் காற்றில் வளர்க்கப்பட்ட உண்மையான நீர்ச்செடியும் நிமிர்ந்தே நிற்கும். நம்பத்தக்க சான்று, நீருக்குள் புது இலை வருகிறதா என்பதே. ஒரு மாதமாகியும் உங்கள் செடியில் ஓர் இலைகூட வரவில்லை. கறுக்காத கிளையை வெட்டிப் பூந்தொட்டியில் நடுங்கள், நிழலில் நன்றாக வளரும். வெள்ளைக் கோடு போட்ட இலையுள்ள டிரசீனா, அதிர்ஷ்ட மூங்கில், சிங்கோனியம் ஆகியவையும் நீர்ச்செடிகள் என்று விற்கப்படுவதுண்டு. அவற்றை முழுவதுமாக மூழ்கடிக்கக் கூடாது.

விளக்கை நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்திற்கு மேல் எரிய விடாதீர்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்.ஈ.டி. போதும். மணல் எதுவானாலும் அதில் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்போ கிளிஞ்சல் துகளோ கலந்திருக்கிறது, ஏற்கெனவே கடினமான உங்கள் நீரை அது மேலும் கடினமாக்கும். குறைபாடு எந்த இலையில் முதலில் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். பழைய இலைகள் மஞ்சளானாலோ ஊசித்துளைகள் விழுந்தாலோ, நைட்ரஜன் அல்லது பொட்டாசியம் போதவில்லை. செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து இழுத்துக் குருத்திற்குக் கொடுக்கிறது. இரும்பை அப்படி இடம்மாற்ற முடியாது, ஆகவே இரும்புக் குறைவில் குருத்துதான் வெளிறும். உங்கள் கிரிப்டோகோரைனுக்கு வேரடியில் ஓர் உர மாத்திரை புதைத்தால் போதுமானது. அனுபியாஸும் ஹார்ன்வொர்ட்டும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மே மாதத்தில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டும்போது நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறியை ஓட விட்டால் இரண்டு பாகையாவது இறங்கும். அப்போது ஆவியாகும் நீரை ஈடுகட்டக் கிணற்று நீரை ஊற்றாமல், ஆர்.ஓ. நீரையோ சேமித்த மழைநீரையோ ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும்.

ஹார்ன்வொர்ட்டும் வாலிஸ்னேரியாவும் பெருகியதும் வாராவாரம் வெட்ட வேண்டியிருக்கும். வெட்டியதை வடிகாலிலோ ஏரியிலோ போட வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு நாம் பயன்படுத்திய ஹைட்ரில்லா, 1950களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவிற்குப் போய், அங்குள்ள ஏரிகளையும் ஆறுகளையும் அடைத்துக்கொண்டது. தென்னமெரிக்காவின் கபோம்பா கேரளத்து நீர்நிலைகளில் இன்று அதையே செய்கிறது. கணுவுள்ள ஒரு துண்டு போதும், அதிலிருந்து புதுச்செடி உண்டாகிவிடும். மொட்டை மாடி வெயிலில் சருகாகும் வரை காயவைத்து, பிறகு பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடுங்கள். முறிகூட்டிக்கும் அது நல்ல உரம்.